கல்மர டீப்பாய் ஏற்றுமதி: வில்லையில் விரிசல், ஏறாத பாலிஷ், பேக்கிங், எச்.எஸ். கோடு

இரும்புக்கால் (கேள்வி)

வணக்கம். மேற்கு ஜாவாவில் கல்மரத்தை (மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரம்) உருளையாக வாங்கி, அங்கேயே வட்ட வட்டமாக அறுத்து வில்லை போட்டு, பாலிஷ் ஏற்றி, இரும்பு ஸ்டாண்டில் வைத்து டீப்பாயாக ஏற்றுமதி செய்யும் திட்டம். முதல் கண்டெய்னர் தாஞ்சுங் பிரியோக் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு. வெல்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் கைவசம் இருக்கிறது. தடுமாற்றம் கல்லில்தான்.

உருளை 70 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளம். வில்லை 4 செ.மீ. கனம். சாம்பிளுக்குப் போட்ட 12 வில்லையில் ஒன்று திருப்பிப் போடும்போதே இரண்டாகப் பிளந்தது. மூன்றில் பாலிஷ் முடிந்தபின் புதிதாகக் கோடுகள் தெரிகின்றன. இரண்டில் நடுப்பகுதி மட்டும் பளபளக்கவே இல்லை, திட்டுத் திட்டாக மங்கி நிற்கிறது.

இந்தக் கனம் போதுமா? விரிசலை எந்தக் கட்டத்தில் அடைப்பது? மங்கலுக்கு என்ன காரணம்? பேக்கிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்? எந்த எச்.எஸ். கோடில் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைரக்கம்பி

வணக்கம். கல் எடுப்பது, அறுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் எடை. நன்றாகக் கல்லாகிய கல்மரம் கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ்தான், அடர்த்தி 2.6 பக்கம். உங்கள் உருளை 0.385 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 1 டன். ஒரு வில்லை 40 கிலோ. இரண்டு பேர் ஓரத்தைப் பிடித்துப் படுக்கைவாக்கில் தூக்கினால் நடுவில் வளைவு விழும். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்திலேயே பிளக்கும். உங்களுக்கு உடைந்தது அப்படித்தான் இருக்கும். வில்லையை எப்போதும் நெட்டுக்குத்தாக நிறுத்தியே நகர்த்துங்கள். திருப்ப வேண்டுமென்றால் அடியில் பிளைவுட் கொடுத்து, பலகையோடு சேர்த்துத் திருப்புங்கள்.

வாங்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உருளையின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கைப்பிடி அளவு சில்லு எடுங்கள். காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு எடை. காற்றில் 260 கிராம், தண்ணீரில் 160 கிராம் என்றால் வித்தியாசம் 100. 260-ஐ 100-ஆல் வகுத்தால் 2.6. அது நல்ல கல். 2.0, 2.1 என்று வந்தால் அது இன்னும் குவார்ட்ஸாக மாறாமல் ஓபல் நிலையில் இருக்கிற கல். ஓபலுக்குள் தண்ணீர் உண்டு. அறுத்து வெயிலில் வைத்ததும் அந்த ஈரம் வெளியேறி, சிலந்தி வலைபோல மேற்பரப்பு முழுக்கக் கோடு விடும். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. பாலிஷுக்குப் பின் கோடு தெரிந்த அந்த மூன்று வில்லைகளிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். 2.6 பக்கம் வந்தால் கோடு புதியது இல்லை. முன்பே இருந்ததைப் பாலிஷ் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பழைய விரிசலைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். அறுத்த முகத்தை நன்றாக நனைத்து, துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுக் காத்திருங்கள். கல் முகம் சில நிமிடத்தில் வெளுத்துக் காயும். விரிசலுக்குள் போன தண்ணீர் மட்டும் காயாமல், பென்சிலால் கோடு போட்டதுபோல் கருப்பாக நிற்கும். கோடு மறைவதற்குள் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். பின்பக்கத்திலும் அதே இடத்தில் கோடு வந்தால் அது ஊடுருவிய விரிசல். ஓரம் தொட்டு எதிர் ஓரம் வரை ஓடினால் அந்த வில்லையை டீப்பாய் மேற்பலகைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் சின்ன சைடு டேபிள் இரண்டு வெட்டலாம்.

கனம்: 70 செ.மீ. விட்டத்துக்கு 4 செ.மீ. போதும், கல் நன்றாக இருந்தால். 3 செ.மீ. வேண்டாம். 5-க்குப் போனால் எடை 50 கிலோவாகிவிடும், டெலிவரியில் இரண்டு பேரால் ஆகாது.

பிளேடு விஷயம். வட்ட பிளேடு தன் விட்டத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும். 1.6 மீட்டர் பிளேடுகூட நடுவில் பிளேடைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் போக 60 செ.மீ. பக்கம்தான் வெட்டும். 70 செ.மீ. உருளையை ஒரே வெட்டில் அறுக்க வயர் சா (வைரம் பதித்த கம்பியால் அறுக்கும் மெஷின்) தான் சரி. வயரின் வெட்டுத்தடம் 11 மி.மீ. என்று வைத்தால், 4 செ.மீ. வில்லைக்கு 5.1 செ.மீ. கல் செலவாகும். 1 மீட்டரில் கணக்குப்படி 19 வில்லை. இரு முனைக் கழிவும் விரிசலும் போக மிஞ்சுவதை வைத்தே விலை போடுங்கள். 19-ஐ வைத்து உருளை விலையைப் பேசுகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

குவார்ட்ஸ் கடினமான கல். வைரத் துணுக்குகளைப் பிடித்திருக்கும் பாண்டு மென்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் தேய்ந்து புது வைரம் வெளியே வரும். பாண்டு கடினமாக இருந்தால் வைரம் மொட்டையாகி, பிளேடு வழவழப்பாகி, வெட்டாமல் உரசி உரசிச் சூடேற்றும். அந்தச் சூட்டிலும் விரிசல் வரும். வெட்டு வேகம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். சிலிக்கன் கார்பைடு கல்லில் ஒன்றிரண்டு வெட்டு வெட்டி பிளேடைத் திறந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தூசி படிகச் சிலிக்கா. நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் இதனால்தான் வருகிறது, வந்தால் திரும்பாது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதியில் 8 மணி நேரச் சராசரி வரம்பே ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம்தான். அது கண்ணுக்குத் தெரியாத அளவு. வெட்டு, தேய்ப்பு எல்லாம் ஈரத்தில் நடக்கட்டும். பட்டை சுத்தம் செய்ய மணல் பீச்சாதீர்கள். உயர் அழுத்தத் தண்ணீர் போதும். காய்ந்த சேற்றைக் காற்றுக்குழாயால் ஊதுவதையும், விளக்குமாறால் பெருக்குவதையும் முதல் நாளே நிறுத்துங்கள். நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி. 3 மாஸ்க், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தியதாக.

மெருகுமேடை

வைரக்கம்பி அண்ணன் சொன்ன அந்த ஈரச் சோதனையிலிருந்தே என் பகுதி தொடங்குகிறது.

விரிசலைப் பாலிஷுக்கு முன்பு அடையுங்கள். ஆனால் அறுத்த உடனே அடைக்கக்கூடாது. விரிசலுக்குள் அறுப்புத் தண்ணீரும் கல் சேறும் நிற்கும். அதன்மேல் எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) ஊற்றினால் மேலே மூடி மட்டும் போட்டதுபோல் ஆகும். தேய்க்கும்போது மூடி போய்விடும், கோடு திரும்ப வரும். உங்கள் மூன்று வில்லைகளில் இதுவும் காரணமாக இருக்கலாம். விரிசலைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் நிறுத்திக் காயவிட்டு, பிறகு 45-50 டிகிரியில் சில மணி நேரம் மெதுவாகச் சூடேற்றுங்கள். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, பிசுபிசுப்புக் குறைந்த, கல்லுக்கென்றே விற்கும் எப்பாக்சியை விடுங்கள். சூடான கல் ஆறும்போது அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவை விகிதத்தைத் தராசில் வைத்துப் போடுங்கள். கண்ணளவில் கலந்தது முழுதாக இறுகாமல் ரப்பராக நிற்கும், பாலிஷ் பேடில் ஒட்டி இழுக்கும்.

நிறம் சேர்ப்பதில் ஒரு விதி: பக்கத்துக் கல்லைவிட ஒரு சாயல் கருமையாக வையுங்கள். கருமையான கோடு மரத்தின் ரேகையோடு சேர்ந்துவிடும். வெளுத்த கோடு எத்தனை தூரத்திலிருந்தும் விரிசலாகவே தெரியும். நிறமில்லாத எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகும், அகலமான பிளவில் அதை விடாதீர்கள்.

அடிப்பக்கத்துக்கு ஃபைபர் கிளாஸ் வலை, எப்பாக்சியில் ஊறவைத்து முழுப் பரப்புக்கும். “நல்ல கல்லுக்கு வலை எதற்கு” என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தில் ஏற்றுமதிக்குப் போகும் எல்லா வில்லைக்கும் வலை வேண்டும். உடைந்தாலும் துண்டு கால்மேல் விழாமல் பிடித்துக்கொள்ளும். 40 கிலோ கல் இருக்கும் வீட்டில் குழந்தைகள் விளையாடுவார்கள்.

வரிசை இது: காயவை, அடை, வலை ஒட்டு, முகத்தைச் சமதளமாக்கு, 50 நம்பர் பேடில் தேய் (நம்பர் கூடக் கூடத் தேய்ப்பு நைசாகும்). இங்கே நிறுத்தி மறுபடி பாருங்கள். தேய்த்ததில் புதுக் குழிகள் திறந்திருக்கும். இரண்டாம் முறை அடைத்து, இறுகியபின் 100, 200, 400, 800, 1500, 3000. முடிவில் ஃபெல்ட் பேடும் சீரியம் ஆக்சைடு பாலிஷ் பொடியும். ஒரு நம்பரைத் தாண்டினால் பின்னால் எத்தனை நேரம் தேய்த்தாலும் பழைய கீறல் போகாது. 400 முடிந்ததும் காயவைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே வட்டக் கீறல் தெரிந்தால் 200-க்குத் திரும்புங்கள்.

நடுவில் மங்கல் திட்டு: இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த இடத்தில் சிலிக்கா முழுமையாக நிரம்பவில்லை, சுற்றியிருப்பதைவிட மென்மை. மெத்தென்ற பேடில் அது சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், பேடு அதைத் தொடாமலே போகும். ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். கடினப் பின்பலகை உள்ள பேடுக்கு மாறி 100-லிருந்து திரும்ப வர வேண்டும். இரண்டு, நுண்துளை. நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வந்தால், அல்லது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அது. அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய எப்பாக்சி ஊறவைத்து மறுபடி தேய்க்கலாம். பரப்பு உள்ளங்கையைவிடப் பெரிதென்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டுக்கு மூன்று தாங்கு புள்ளி. நான்கு வைத்தால் ஒன்று எப்படியும் அந்தரத்தில் நிற்கும், கல் ஆடும். ஒழுங்கில்லாத வடிவத்தில் எடை மையம் கண்ணுக்குத் தெரியாது: ஒரு இரும்புக் குழாய்மேல் வில்லையைச் சமநிலையில் வைத்து அடியில் கோடு போடுங்கள், திருப்பி வேறு திசையில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளி முக்கோணத்துக்குள் நன்றாக உள்ளே விழ வேண்டும். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர்.

துறைமுகவாசி

காகிதம், பெட்டி இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கல்மரத்தில் பெரிய தொல்லை அந்தப் பெயர்தான். இன்வாய்ஸில் வெறுமனே மர டேபிள் என்று போனால், இறக்குமதி நாட்டில் மரச் சாமானாகப் பார்ப்பார்கள். மரத்துக்கான கேள்விகள் வரும். ‘சிலிக்காவாக மாறிய தொல்லுயிர் கல், மேற்பலகை, இரும்புத் தாங்கி, மரப் பாகம் எதுவும் இல்லை’ என்ற பொருளில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம் இருக்கட்டும். எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் பணம் என்றால் இது இன்னும் முக்கியம்: எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி இன்வாய்ஸ் விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். ஆவணங்களைக் கப்பலேறிய 21 நாளுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். எல்.சி. திறக்கும் முன்பே வாசகத்தை வாங்குபவருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுங்கள்.

எச்.எஸ். கோடு: காலோடு சேர்ந்து முழு டேபிளாகப் போனால் 9403.89, பிற பொருட்களால் ஆன ஃபர்னிச்சர். வெறும் பலகையாகப் போனால் 6802-ஆ (வேலைப்பாடு செய்த கல்), 71-ஆம் அத்தியாயமா (ரத்தினக் கற்கள்) என்ற வாதம் வரும், ஏனென்றால் குவார்ட்ஸ் வகைக் கற்களை அங்கே சேர்ப்பது உண்டு. தீர்வை வித்தியாசம் வாங்குபவர் தலையில்தான் விழும். அவரை அவர் நாட்டுச் சுங்கத்தில் முன்கூட்டிய வகைப்பாட்டு முடிவு வாங்கச் சொல்லுங்கள், எழுத்தில்.

கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற ஆவணத்தை உருளை வாங்கும்போதே கேளுங்கள். பிற்பாடு கிடைக்காது. நல்ல வாங்குபவர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம். அமெரிக்காவிலேயே நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலத்தில் கல்மரத்தை ஒருவர் நாளுக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், வருஷத்துக்கு 250 பவுண்டு வரை சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம், விற்கக்கூடாது.

பெட்டி: வில்லைகள் நெட்டுக்குத்தாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஃபோமும் பிளைவுட்டும். அடியில் அடர்த்தியான ஃபோம். பட்டை ஓரத்தில் எடை உட்காராதபடி ஃபோமை வெட்டுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் லாரி குலுக்கலிலேயே கீழ் வில்லை போய்விடும். எப்பாக்சி போட்டு ஒரு வாரம் ஆகாமல் சுற்றாதீர்கள், ஃபோம் அச்சு மேலே பதியும். பெட்டியின் மரம் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கிங்கில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரம்) முத்திரையோடு இருக்க வேண்டும்: மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியது, ‘எச்.டி.’ குறி. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் அடியில் அடிக்கும் கட்டைகளுக்குத் தேவை. அங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: பெட்டி பிளைவுட், கட்டை முத்திரையில்லாத மரம்.

20 அடி கண்டெய்னரில் இடம் நிரம்பும் முன் எடை நிரம்பும். பெட்டிகளைத் தரை முழுக்கப் பரப்புங்கள், ஒரு பக்கம் குவிக்காதீர்கள். வி.ஜி.எம். (சரிபார்த்த மொத்தக் கண்டெய்னர் எடை) சான்று இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், 2016 ஜூலை முதல் அதுதான் விதி. இறங்கும் நாட்டுச் சாலை எடை வரம்பையும் ஏற்றும் முன்பே வாங்குபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் ‘ஏ’ எடுங்கள், சரக்குக் காப்பீட்டில் அகலமான பிரிவு அதுதான். அதிலும் போதாத பேக்கிங், பொருளின் உள்ளார்ந்த குறை இரண்டுக்கும் பணம் வராது. பழைய விரிசலில் உடைந்தால் அவர்கள் காட்டுவது அந்த இரண்டாவது பிரிவைத்தான். ஆகவே ஒவ்வொரு வில்லைக்கும் நம்பர் பொறித்து, ஸ்கேலோடு முன், பின் படம் எடுத்து, அடைத்த விரிசல்களை அதில் குறித்து, வாங்குபவர் ஒப்புதலை மெயிலில் வாங்கிய பிறகு பெட்டி மூடுங்கள்.

இரும்புக்கால்

மூவருக்கும் மிக்க நன்றி. சில்லு எடை பார்த்தேன்: மூன்றில் இரண்டு 2.6 பக்கம், ஒன்று 2.1. இன்னும் இரண்டு சந்தேகம். மங்கல் வில்லைகளுக்கு மேலே முழுக்க எப்பாக்சி ஒரு கோட் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆக்கலாமா? ஒரு வாங்குபவர் இரும்புக்குப் பதில் தேக்குக் கால் கேட்கிறார், அது பரவாயில்லையா?

மெருகுமேடை

ஊற்றாதீர்கள். கல்லின் கடினம் மோஸ் அளவில் 7; அதன்மேல் பிளாஸ்டிக் படலம் போட்டால் சாவி கீறினாலே கோடு விழும். சூடான கப் வைத்த இடம் வெளிறும். பட்டை ஓரத்தில் உரிந்து தூக்கும். காசு கொடுத்து வாங்குகிறவர் விரல் வைத்ததும் குளிர்ச்சி தெரிய வேண்டும். படலத்தின்மேல் அது தெரியாது. அந்த 2.1 வில்லையையும் அனுப்பாதீர்கள்.

துறைமுகவாசி

தேக்குக் கால் போடலாம், ஆனால் ‘மரப் பாகம் இல்லை’ என்ற வாசகம் அப்போது பொய்யாகிவிடும், முதலில் அதை எடுங்கள். அமெரிக்காவில், சட்டவிரோதமாக வெட்டிய மரத்தைத் தடுக்கும் லேசி சட்டப்படி இறக்குமதியாளர் மரத்தின் தாவரவியல் பெயரையும் வெட்டிய நாட்டையும் அறிவிக்க நேரும். தேக்கு என்றால் டெக்டோனா கிராண்டிஸ். அந்த விவரம் தேக்கு விற்றவர் பில்லிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் கண்டெய்னரில் இரும்புக் கால் மட்டும் அனுப்பி, தேக்குக் கால் ஆர்டரைத் தனி இன்வாய்ஸில் அடுத்ததற்குத் தள்ளுங்கள்.