சுங்குடியில் முடிச்சுப் புள்ளி எது, அச்சுப் புள்ளி எது?

பருத்திப்பித்து:
அம்மாவுக்கு அடுத்த மாசம் அறுபது முடியுது. கல்யாணமான புதுசுல கட்டின அரக்குக் கலர் சுங்குடிச் சேலை ஒண்ணு இன்னும் அவங்க பீரோவுல இருக்கு. முந்தி நைஞ்சே போச்சு, ஆனா தூக்கிப் போட மனசு வரல. அதே மாதிரி வாங்கித் தரலாம்னு, 'கையால் முடிச்சுப் போட்டது, இயற்கைச் சாயம்'னு போட்டிருந்த ஒரு சேலையை ஆன்லைன்ல 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மா ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல முடிச்சு இல்லையே"ன்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, "கைக்குத் தெரியுது"ங்கிறாங்க. எனக்கு ரெண்டுலயும் வெள்ளைப் புள்ளிதான் தெரியுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பந்தடித்தெரு:
உங்கம்மா கை சரியாத்தான் சொல்லியிருக்கு. நான் மதுரை, மகால் பக்கம். வீட்டுல சௌராஷ்டிரம் பேசுற குடும்பம். பதினோரு வயசுல அம்மா பக்கத்துல உட்கார்ந்து முடிச்சுப் போடக் கத்துக்கிட்டேன், இப்ப 54 ஆகுது.

துணியை நாலா மடிச்சு மடியில வச்சுக்குவோம். இடது கை கட்டைவிரல் நகத்தால கடுகளவு துணியைக் கிள்ளி நிறுத்தி, வலது கையால நூலை இறுக்கிச் சுத்துவோம். நூலை அறுக்காம அப்படியே அடுத்த புள்ளிக்குப் போயிடணும். சாயத்துல முக்கும்போது நூல் சுத்தின இடம் சாயம் குடிக்காது. ஆனா கிள்ளின நுனி நூலுக்கு வெளிய நிக்குதில்ல, அது குடிச்சிடும். அதனால முடிச்சுப் புள்ளி வெறும் வெள்ளையா இருக்காது. வெள்ளை வளையம், அதுக்கு நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு சாயப் பொட்டு. எல்லாப் புள்ளியும் ஒரே அச்சா வட்டமாவும் இருக்காது. மடிப்புல உள்ள போன துணியில புள்ளி கொஞ்சம் மங்கலா விழும். ஒரே சேலைக்குள்ள இந்த வித்தியாசம் இருந்தா சந்தோஷப்படுங்க.

மெழுகு அச்சுன்னா, முடிச்சுக்குப் பதிலா மெழுகை அச்சால புள்ளியா வச்சு சாயத்துல முக்குறது. அதுல புள்ளி முழு வெள்ளையா இருக்கும், மெழுகு விரிஞ்ச இடத்துல மயிரிழை மாதிரி சாயம் ஓடியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட்னா திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வெளுத்திருக்கும்.

மெழுகு அச்சுச் சேலையை நான் குறைவாச் சொல்ல மாட்டேன், அதுவும் உழைப்புத்தான். ஆனா அதுமேல 'முடிச்சு'ன்னு எழுதி விக்கிறது எங்க கூலியில கை வைக்கிற வேலை. உடம்பு பூரா புள்ளி வச்ச சேலைன்னா பத்தாயிரம், இருபதாயிரம் முடிச்சுகூடப் போகும். சமைச்சு, தண்ணி பிடிச்சு, பிள்ளைகளை அனுப்பிட்டு உட்கார்ந்தா ஒரு சேலைக்குப் பத்துப் பதினஞ்சு நாள். 2005-ல மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான். ஆனா கடையில நின்னு "முடிச்சைக் காட்டுங்க"ன்னு கேட்கிற ஆள் இருந்தாத்தான் எங்களுக்கு வேலை வரும். எங்க தெருவுல நாப்பது வயசுக்குக் கீழ முடிச்சுப் போடுற பொண்ணு இப்ப ஒருத்திகூட இல்ல.

அடுத்த தடவை முடிச்சுப் பிரிக்காத சேலையாக் கேட்டு வாங்குங்க. வீட்டுல ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் குறுக்கா இழுங்க. பட்பட்டுன்னு நூல் விட்டுக்கும், துணி மேல சின்னச் சின்ன மொட்டா நிக்கும். அம்மா கை தேடினது அந்த மொட்டைத்தான். உடனே இஸ்திரி போட்டுடாதீங்க, படுத்துடும்.

அவுரிநீலம்:
சாயத்தைப் பத்தி மட்டும் நான் சொல்றேன், நான் வீட்டுல செடிச்சாயம் போடுறவ. முடிச்சு வேற, சாயம் வேற. கையால கட்டின சேலையையும் ரசாயனச் சாயத்துல முக்கலாம், இப்ப வர்றதுல பெரும்பகுதி அப்படித்தான். இயற்கைச் சாயம்னு சொன்னா எந்தச் செடின்னு கேளுங்க. செய்யிறவங்க உடனே சொல்வாங்க: நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி, துணியைப் பதப்படுத்தக் கடுக்காயும் படிகாரமும். அவுரித் தொட்டியில இருந்து துணியை எடுக்கும்போது பச்சையாத்தான் வரும், காத்துப் பட்டதும் கண்ணு முன்னாலயே நீலமா மாறும். இத்தனை வருஷமாப் போடுறேன், இன்னிக்கும் அந்த நிமிஷத்துக்காகவே நின்னு பார்ப்பேன். முடிச்சும் போட்டு செடிச்சாயமும் போட்ட சேலை 2,400-க்கு வந்தா, நடுவுல யாரோ ஒரு பொண்ணுக்குக் கூலி போகலன்னு அர்த்தம்.

முதல் ரெண்டு மூணு தடவை தனியாப் பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க. பூந்திக்கொட்டை போதும்.

பருத்திப்பித்து:
ரெண்டு அக்காவுக்கும் நன்றி. போன் கேமராவுல பெருசாக்கிப் பார்த்தேன். புதுசுல புள்ளி பளிச்சுன்னு முழு வெள்ளை, பக்கத்துல மயிரிழைக் கோடு. மெழுகுதான். அம்மா சேலையில ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரக்குப் பொட்டு இருக்கு! இன்னொண்ணு: முந்தி ஓரத்தை மடிச்சுத் தைச்சிருந்த இடத்துக்குள்ள ஒரு முடிச்சு பிரியாமலே இருக்கு, நூலோட. அம்மாவே இத்தனை வருஷமா அதைப் பார்த்ததில்லையாம். அடுத்த வாரம் மதுரை வர்றோம். விளக்குத்தூண் பக்கம் முடிச்சோடயே கேட்டுப் பார்க்கிறேன்.

பந்தடித்தெரு:
வாங்கம்மா. அந்த முடிச்சைப் பிரிச்சிடாதீங்க. நூல் எத்தனை சுத்துன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க. எங்கம்மா மூணு சுத்துவாங்க, எதிர்த்த வீட்டுல ரெண்டுதான்.