தினாரியஸ் காசில் வெள்ளி எவ்வளவு? சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

லண்டனிலிருந்து:

செப்டிமியஸ் செவரஸ் காலத்துத் தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றைச் சென்ற ஆண்டு ஏலத்தில் வாங்கினேன். கி.பி. 193 முதல் 211 வரை ஆண்ட ரோமப் பேரரசர் அவர். அவர் காலத்துக் காசில் ஏறத்தாழப் பாதி செம்பு என்று படித்திருந்தேன். கைக்கு வந்த காசோ பளிச்சென்று வெண்மையாக இருந்தது. சந்தேகம் தீர, பழக்கமான ஈழத்தமிழர் ஒருவரின் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். உலோகத்தின் தூய்மையை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் கேரட் மீட்டரில் வைத்தார்: வெள்ளி 72 சதவீதம். திருப்பி வைத்தார்: 66.

“தம்பி, ஒரே காசு இரண்டு கணக்குச் சொல்கிறது. மேலே ஒன்று, உள்ளே ஒன்று இருக்கிறது. உரைகல்லில் இழுத்துப் பார்க்கட்டுமா?”

“வேண்டாம் அண்ணா” என்று பதறிக் காசை எடுத்துக்கொண்டேன். 1,800 ஆண்டு தப்பிப் பிழைத்த முகத்தில் என் பொருட்டு ஒரு கீறல் விழுவதை எப்படிப் பொறுப்பது?

அவர் சொன்னதுதான் உண்மை. அக்காலத்து நாணயச் சாலையில் அச்சிடாத காசு வில்லையைச் சூடாக்கி, மேலே கறுத்த செம்பை அமிலத்தில் கரைத்து எடுத்துவிடுவார்கள். வெள்ளி மட்டும் தோலாக நிற்கும். அதன்மேல் அச்சு விழும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் இன்னும் கொஞ்சம் செம்பு கரைந்திருக்கும். எக்ஸ்ரே கருவி அந்தத் தோலைத்தான் படிக்கிறது. 1970களில் ஆய்வாளர் டேவிட் வாக்கர் இம்முறையில் எடுத்த அளவுகள் பலவும் மிகையானவை என்று பின்னர் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் கெவின் புட்சரும் மேத்யூ பாண்டிங்கும் காசின் விளிம்பில் நுண்துளையிட்டு, மேல்பரப்புத் துகளை விலக்கி, உள்ளிருந்து வந்ததை மட்டும் ஆராய்ந்தார்கள். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறையத் தூய வெள்ளியாக இருந்த தினாரியஸ், நீரோவின் 64ஆம் ஆண்டு மாற்றத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கியதை அவர்கள்தான் உறுதிசெய்தார்கள்.

துளையிட மனம் வராத நான் ஆர்க்கிமிடீஸ் வழிக்குப் போனேன். தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. என் காசு 3.10 கிராம். நீரில் 0.32 காட்டியது. வகுத்தால் அடர்த்தி 9.69. வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96 என்று வைத்துக் கணக்கிட்டால் வெள்ளி ஏறத்தாழ 51 சதவீதம்! மகிழ்ச்சியில் மறுபடி செய்தேன். இம்முறை 0.31. கணக்கு 71க்குத் தாவிவிட்டது. இவ்வளவு சிறிய காசுக்கு 0.01 கிராம் தராசு உதவாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மில்லிகிராம் தராசு வாங்கிப் பத்து முறை நிறுத்தேன், 0.319க்கும் 0.322க்கும் இடையிலேயே நின்றது. பாதிக்குப் பாதி.

ஜெர்மனியிலிருந்து:

என்னிடம் பேரரசர் திபேரியஸின் தினாரியஸ் ஒன்று இருக்கிறது. 3.7 கிராம் அளவில் இருக்க வேண்டியது, 2.8தான் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காசிலுள்ள முகத்தின் காதோரத்தில் மேல்தோல் குமிழியாக எழும்பி, அதன் ஓட்டையில் பச்சை தெரிந்தது. உள்ளே முழுச் செம்பு, மேலே வெள்ளித் தகடு! அக்காலத்துக் கள்ளக் காசு. எனக்கு இது நல்ல காசைவிடப் பிடித்துவிட்டது. தினாரியஸைச் சோதிக்கும் முறைக்கு வழிசெய்த மாரியஸ் கிராட்டிடியானஸுக்கு ரோமானிய மக்கள் தெருத்தெருவாகச் சிலை வைத்தார்கள் என்கிறார் பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி. கள்ளக் காசின் மாதிரி ஒன்றைப் பல நல்ல காசு கொடுத்து வாங்குவதும் பிளினியின் காலத்தில் இருந்திருக்கிறது. இத்தகைய காசிலும் நீர்ச் சோதனை மொத்த வெள்ளியின் அளவைத்தான் காட்டும். வெள்ளி தகடாக நிற்கிறதா, செம்போடு கலந்திருக்கிறதா என்று அது சொல்லாது.

கொழும்பிலிருந்து:

பிளினியின் பெயர் வந்ததால் எழுதுகிறேன். இலங்கை மன்னர் தினாரியஸ் காசுகளைப் பார்த்து, முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை மெச்சினார் என்று அவர் எழுதியிருக்கிறார். இங்கும் நிறுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்! கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவற்றிலும் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் உண்டு; நல்ல வெள்ளிக் காலத்துக் காசுகள்.

லண்டன் நண்பருக்கு ஒரு சிறு யோசனை: பருத்தி நூல் நீரை உறிஞ்சும்; மெல்லிய நைலான் இழையில் கட்டுங்கள். கொதித்து ஆறிய நீரை எடுத்து, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். எழுத்துகளின் இடுக்கில் ஒட்டும் காற்றுக்குமிழி, இருக்கிற வெள்ளியைக் குறைத்துக் காட்டிவிடும்.