இரும்பு-57: அரை ஆயுள் 98 வர வேண்டிய இடத்தில் 160 வருகிறது, உதவுங்கள்

செம்பூர் மாணவி:
வணக்கம். மும்பையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். கோபால்ட்-57 மூலத்தை வைத்து, இரும்பு-57 அணுக்கருவின் 14.4 கேஇவி (ஆற்றல் அலகு) கிளர்நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளக்கிறேன். 122 கேஇவி காமா வந்ததும் கடிகாரம் ஓடும், 14.4 வந்ததும் நிற்கும். இரண்டு பக்கமும் காமாவை உணரும் சோடியம் அயோடைடு படிகம், 14.4 பக்கம் மெல்லிய படிகம், பெரிலியம் சன்னல். டாக் (நேர இடைவெளியை மின்துடிப்பின் உயரமாக மாற்றும் கருவி) வரம்பு 1 மைக்ரோ வினாடி. புத்தகத்தில் 98 நானோ வினாடி, எனக்கு 160. மூன்று ராத்திரி ஓட்டியும் மாறவில்லை. நேர வரைபடத்தில் பூச்சியத்தை ஒட்டி ஒரு கூம்பு வேறு. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கணும், பயமாக இருக்கிறது.

மாட்டுங்கா அண்ணன்:
நேர அளவீடு சரிதானா? ஒரே பல்சரின் (மின்துடிப்பு தரும் கருவி) துடிப்பை இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு, நிறுத்தும் பக்கம் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளைச் சேர்த்துப் பார். மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ வினாடி தாமதம். உச்சி 100 நகரணும்.

செம்பூர் மாணவி:
பார்த்தேன் அண்ணா, 101 நகர்ந்தது.

பவாய் அக்கா:
அப்போ கடிகாரத்தில் குற்றமில்லை. வரைபடத்தின் வால் கடைசிவரை இறங்குகிறதா, படுத்துவிடுகிறதா? படுத்திருந்தால் அது ஒரே அணுக்கருவிலிருந்து வராமல் தற்செயலாகச் சேர்ந்த சோடிகள். அதைக் கழிக்காமல் கோடு பொருத்தினால் சரிவு குறைந்து ஆயுள் நீளமாகத் தெரியும். பூச்சியத்துக்கு நன்றாக இடப்பக்கம் இருக்கும் தட்டையான எண்ணிக்கையைச் சராசரி எடுத்து எல்லா சேனலிலும் (வரைபடத்தின் நேரக் கட்டங்கள்) கழித்துவிடு. எண்ணிக்கை போதவில்லை என்று வலுவான மூலத்துக்குப் போகாதே: மூலம் இரண்டு மடங்கானால் உண்மைச் சோடி இரண்டு மடங்கு, தற்செயல் நான்கு மடங்கு. இந்த நிலை சிதையும்போது பத்தில் ஒன்றுதான் காமாவாக வரும், மற்றது எலக்ட்ரானாகப் போய்விடும். அதனால் பொறுமையாகத்தான் ஓட்டணும்மா.

கூம்புக்கு 14.4 பக்கத்தின் ஆற்றல் சன்னலைப் பார், அதாவது எந்த ஆற்றல் வரை எண்ணுகிறாய் என்ற எல்லைகளை. கீழ் எல்லை தாழ்வாக இருந்தால் இரும்பின் 6.4 கேஇவி எக்ஸ் கதிர் உள்ளே வந்துவிடும். கோபால்ட் எலக்ட்ரானைப் பிடிக்கும்போதே பிறக்கும் எக்ஸ் கதிர் 122-க்கு முன்னாலேயே வந்துவிடுமே! கீழ் எல்லையை 10-க்கு மேலே ஏற்று.

செம்பூர் மாணவி:
அக்கா, கூம்பு போயே போச்சு. பின்னணியையும் கழித்தேன். இப்போது 141. ஆனாலும் 98 இல்லையே?

மாட்டுங்கா அண்ணன்:
141-ஆ! பொருத்திய சமன்பாட்டில் அடுக்கு என்ன, நேரத்தை ஆயுளால் வகுத்ததா? அப்படியென்றால் உனக்கு வந்தது சராசரி ஆயுள், தங்கச்சி. அதை 0.693-ஆல் பெருக்கு, அரை ஆயுள் வரும்.

செம்பூர் மாணவி:
97.7! அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ராத்திரி முழுக்க மறுபடி ஓட்டி, பிழை வரம்போடு எழுதுகிறேன்.

பவாய் அக்கா:
நல்லது. பின்னணி கழிக்காத 160-ஐயும் அறிக்கையில் சேர், எதனால் வந்தது என்று இரண்டு வரி எழுது.