40 மீட்டர் ஹாம் ரேடியோ பேண்டில் 7.024, 7.151 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இரைச்சல்: தறியா, சார்ஜரா?

நொய்யல்40, திருப்பூர்:
வணக்கமுங்க. லைன் வீட்டு மொட்டை மாடியில் இன்வெர்ட்டட் வி (தலைகீழ் V வடிவ டைபோல் ஆன்டெனா), உச்சி 8 மீட்டர். ராத்திரி பத்து மணிக்கு மேல் 7.024, 7.151 ரெண்டு இடத்திலும் எஸ்-8 அளவுக்கு (ரேடியோவின் சிக்னல் மீட்டரில்) கரகரன்னு ஒரு கேரியர், அதாவது விடாத சிக்னல், ஏறி, விடியும் வரை நிற்குது. மெயினை அணைத்து, ரிக்கை (ரேடியோவை) பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாச்சு, போகவில்லை. தறிக்கூடத்து மோட்டார் டிரைவா (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி), பக்கத்து வீட்டு சார்ஜரா?

பேலன், பொள்ளாச்சி:
தறி இல்லைங்க. டிரைவின் ஸ்விட்சிங் 2 முதல் 16 கிலோஹெர்ட்ஸ்தான். அதன் மடங்குகள் நெருக்கமா பேண்டையே அடைச்சுக்கும். உங்களுடையது 127 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஐபோனுக்கான வயர்லெஸ் சார்ஜிங் பேடுகள் பலவும் ஓடுறது 127.7 கிலோஹெர்ட்ஸில். அதன் 55 மடங்கு 7.0235, 56 மடங்கு 7.1512. 3.576-ல் கேளுங்க, 28-ஆவது மடங்கும் இருக்கணும்.

பேடுக்கு உள்ளே இருக்கும் பிரிட்ஜ் (bridge, ஸ்விட்சிங் சுற்று) சதுர அலை போடுது, அதனால் ஒற்றைப்படை மடங்குகள் எப்படியும் வரும். அலை சமச்சீரா இல்லாட்டி இரட்டைப்படையும் சேர்ந்துக்கும். கரகரப்பு, போன் தன் சுமையை மாற்றி மாற்றி பேடுக்குத் தகவல் சொல்றது. போன் இல்லாத வெறும் பேடு டிக் டிக்னு மட்டும் தட்டும். சில பேடுகள் அலைவரிசையை நகர்த்தித்தான் பவரைக் கூட்டிக் குறைக்கும். அடிப்படை அலைவரிசை 1 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் 7 மெகாவில் 55 நகரும், துரத்திப் பிடிக்க முடியாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நொய்யல்40:
3.576-லும் இருக்குங்ணா. கிளிப் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்க கேபிளில் மாட்டும் வளையம்) போட்டால் போதுமா?

ஈரோடு_ரிக்:
கிளிப்பில் கேபிள் ஒரே சுற்றுதான், அதுக்கு 7 மெகாவில் பெரிசா ஒண்ணும் நடக்காது. தடை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏறும். 31 மிக்ஸ் எஃப்டி-240 ஃபெரைட் வளையத்தில் பேடோட கேபிளை 12 சுற்று சுற்றுங்க, பேடுக்கு ஒரு சாண் தள்ளி. இதுக்கே 80 சென்டிமீட்டருக்கு மேல் போயிரும். 1 மீட்டர் கேபிள் எட்டாது. கேபிள் பேடோடவே ஒட்டி வந்திருந்தால் மாற்றவும் முடியாது, அப்போ அடாப்டர் சொருகும் எக்ஸ்டென்ஷன் வயரைத்தான் சுற்றணும்.

வளையம் வாங்கும் முன்னே பக்கத்து வீட்டு பேடை யூஎஸ்பி பிடி (PD, கூடுதல் பவர் தரும் வசதி) உள்ள பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்க. பிடி இல்லாட்டி பேடு குறைந்த பவருக்கு இறங்கி, இரைச்சல் குறைஞ்ச மாதிரி ஏமாற்றும். பிடியோடு ஓட்டியும் இரைச்சல் குறைஞ்சால் வீட்டு வயரிங்தான் ஆன்டெனா, வளையம் வேலை செய்யும். குறையாட்டி பேடோட கம்பிச் சுருளிலிருந்தே நேரா பாயுது, அதுக்கு வளையம் எதுவும் பண்ணாது. 7 மெகாவில் சுமார் 6.8 மீட்டருக்குள் காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்குக் குறையும்: 2 மீட்டரில் இருக்கும் பேடை 4 மீட்டருக்கு நகர்த்தினால் 18 டெசிபல், மூணு எஸ் யூனிட். கட்டில் தலைமாட்டிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னாலே ஆச்சு.

பேலன், பொள்ளாச்சி:
டைபோல் ஊட்டுமுனையிலும் (கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடம்) ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளை இதே மாதிரி இன்னொரு வளையத்தில் 12 சுற்று சுற்றிடுங்க. கோஆக்ஸ் மேலுறை வீட்டு இரைச்சலை அள்ளிட்டு வருவது நிற்கும். பேடுக்கு அடியில் அலுமினியத் தாள் வைக்கிற யோசனை யாராச்சும் சொன்னால் கேட்காதீங்க, தாள் சூடேறலாம், இல்லாட்டி சார்ஜ் ஆகிறதே நின்னு போகலாம்.