வெள்ளைவால் மான், .308, 18 அங்குல பேரல்: ஈயக்குண்டா, முழுச்செம்பா?

மலைச்சாரல்:
விஸ்கான்சின் காடு, வெள்ளைவால் மான், .308 வின்செஸ்டர் தோட்டா சுடற ரைஃபிள், 18 அங்குல பேரல். பெரும்பாலும் 150 கெஜத்துக்குள்ள, அதிகபட்சம் 250. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1-லேர்ந்து எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது, அங்க பேச்சே இல்ல. இங்க ரெண்டும் ஓகே. எது எடுக்கலாம்?

ஈயவாதி:
150 கிரெய்ன் (குண்டோட எடை) சாதா சாஃப்ட் பாயின்ட். அவ்வளவுதான். வெள்ளைவால் மான் ஒண்ணும் எல்க் மாதிரி பெரிய மான் இல்ல. விலா மெல்லிசு, நெஞ்சுக்கூடு சின்னது. மெல்லிய செம்பு உறை, உள்ள மெத்துன்னு ஈயம். விலாவைத் தொட்டதுமே விரிய ஆரம்பிக்கும், நுரையீரலுக்குள்ள அகலமா கிழிச்சுட்டுப் போகும். குண்டு எடையில பாதி போனாலும் போகட்டும். போற அந்தத் துண்டுகள்தான் பக்கத்துத் திசுவையும் கிழிக்குது. விலையும் முழுச்செம்பைவிடக் குறைச்சல், அதனால பயிற்சிக்கும் வேட்டைக்கும் ஒரே தோட்டா போதும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கறாங்க.

செந்தூரன்_செம்பு:
மான் பக்கவாட்டுல அசையாம நின்னு, நீங்க தோளுக்குப் பின்னாடி சரியா வெச்சா எந்தக் குண்டும் கொல்லும் சார். தேர்வு எதுக்குன்னா, சரியா வைக்காதப்போ என்ன ஆகும்னு பார்க்கத்தான். 50 கெஜத்துல, குண்டு இன்னும் விநாடிக்கு 2,500 அடி வேகத்துக்கு மேல இருக்கும்போது, தோள்மூட்டு எலும்புல பட்டா சாதா குண்டோட உறையும் ஈயமும் பிரிஞ்சுடும். மேல பெரிய காயம், உள்ள ஆழமே இருக்காது. மான் மூணு கால்ல ஓடும். இந்தத் தலைவலிக்குத்தான் ஜான் நோஸ்லர் 1940-கள்லயே நடுவுல தடுப்புச்சுவர் வெச்ச பார்ட்டிஷன் குண்டு பண்ணார். முன்பாதி சிதறினாலும் பின்பாதி முழுசா உள்ள போகும். முழுச்செம்புல அந்தப் பிரச்சனையே கிடையாது: நாலு இதழா விரியும், எடையில 95 சதவீதத்துக்கு மேல மிஞ்சும், ரெண்டு தோளையும் உடைச்சு வெளிய வரும்.

கெஜக்கோல்:
ரெண்டு பேரும் வேகத்தை விட்டுட்டீங்க. 150 கிரெய்ன் தோட்டாப் பெட்டியில போட்டிருக்கிற விநாடிக்கு 2,820 அடி, 24 அங்குல சோதனைப் பேரல்ல அளந்தது. அங்குலத்துக்கு 20–25 அடி குறையும்னு வைங்க. 18 அங்குலத்துல கிட்டத்தட்ட 2,680. சாதாரண 150 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் 200 கெஜத்துல 2,150-க்கு வந்துடும், 300-ல 1,900.

செம்புக்குண்டு விரிய பெரும்பாலும் 1,800-லேர்ந்து 2,000 அடி தேவை. தயாரிப்பாளரே ஒவ்வொரு குண்டுக்கும் குறைந்தபட்ச வேகம் சொல்லியிருப்பார், வாங்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேல இருந்தாகூட இதழ் பாதிதான் திறக்கும். அதனால செம்புன்னா எடையைக் குறைக்கணும், ஏத்தக் கூடாது. .308-க்கு 130 கிரெய்ன் எடுத்தா அதே குட்டைப் பேரல்லயும் 200 கெஜத்துல 2,400-க்கு மேல மிஞ்சும். எடை குறைஞ்சா ஊடுருவல் குறையுமேன்னு பயம் வேண்டாம், செம்புக்குண்டு எடையை இழக்கறதில்லையே.

ஈயவாதி:
அப்போ நான் சொல்றதைத்தானே நீங்களும் சொல்றீங்க! விலாவுக்கு நடுவுல மெத்துன்னு போச்சுன்னா செம்புக்கு எதிர்ப்பே கிடைக்காது. முனையில இருக்கிற குழி முடியோ எலும்புத்தூளோ அடைச்சா பென்சில் ஓட்டை மாதிரி போயிட்டு வரும். மான் நூறு கெஜம் ஓடி, சோளக்கொல்லைக்குள்ள படுக்கும். விடிய விடியத் தேடணும்.

செந்தூரன்_செம்பு:
பார்ன்ஸ் கம்பெனியோட பழைய 'எக்ஸ்' முழுச்செம்புக் குண்டு பத்தின பேச்சு இது, 1989 சரக்கு. இப்போ முனையில பாலிமர் ஆப்பு இருக்கு. பட்டதும் அது பின்னாடி தள்ளி குழியைப் பிளக்குது. அடைப்பு அபூர்வம். ஆனா ஓடும்ங்கறதை ஒத்துக்கறேன். ரெண்டு நுரையீரலும் போனாகூட மூளையில ஏற்கனவே இருக்கிற ஆக்ஸிஜன் பத்துப் பதினஞ்சு விநாடி தாங்கும், எந்தக் குண்டானாலும். செம்பு வெச்சிருக்கறவர் குறியை மாத்தணும்: தோளுக்குப் பின்னாடி இடுக்குல வைக்காம, முன்காலோட நேர்கோட்டுல, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்கு உயரத்துல. எலும்பு கிடைச்சா குண்டு நல்லா விரியும், மான் அங்கயே மடியும்.

ஈயவாதி:
தோள் இறைச்சி?

செந்தூரன்_செம்பு:
கொஞ்சம் போகும். ஆனா ரத்தக்கட்டு ஏறின பகுதியை மட்டும் வெட்டி எறிஞ்சா மிச்சத்தை நம்பிச் சாப்பிடலாம். ஈயத்துல அப்படி முடியாது. மின்னசோட்டா இயற்கைவளத் துறை 2008-ல செத்த ஆட்டு உடல்களைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. துளையிலேர்ந்து ஒரு அடி தள்ளிகூட ஈயத்துகள், கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது. தண்ணி விட்டு அலசினா போயிடாது, வேற இடத்துக்குப் பரவும்.

கெஜக்கோல்:
அது எல்லா ஈயக்குண்டுக்கும் ஒரே அளவு இல்லங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். சட்டுனு சிதறுற வகை நூத்துக்கணக்குல துகள் விடும். ஈயத்தை உறையோட உருக்கி ஒட்டின பாண்டட் குண்டு அதைவிடக் குறைவா விடும், பூஜ்யம் இல்ல. வீட்டுல சின்னப் புள்ளைங்களும் கர்ப்பிணியும் அந்தக் கறியைச் சாப்பிடறாங்கன்னா என் ஓட்டு செம்புக்குத்தான். இல்லேன்னா பாண்டட் 150 கிரெய்ன். சாதா சாஃப்ட் பாயின்ட்டை தோளுக்குப் பின்னாடி குறிக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

மலைச்சாரல்:
செம்புக்கு மாறினா துப்பாக்கியில என்ன பார்க்கணும்?

கெஜக்கோல்:
முதல்ல பேரலை வெறும் இரும்பு தெரியற வரைக்கும் செம்புக்கரைப்பான் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. துணியில நீலம் வர்றது நிக்கணும். பழைய குண்டோட உறைப்படிவு மேல முழுச்செம்பைச் சுட்டா குண்டுகள் ஒரே இடத்துல விழாம சிதறும். நல்ல ரைஃபிளையே குறை சொல்லிட்டு இருப்பாங்க, காரணம் இதுவா இருக்கும். அப்புறம் ஸ்கோப்பைப் புதுசா ஜீரோ பண்ணணும் (குறி வெச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி சரிபண்றது), பழைய ஜீரோ பொருந்தாது.

செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால அதே எடைக்கு குண்டு நீளம். பேரல் ட்விஸ்ட் 1:12-ன்னா (உள்வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுத்து) 165, 168 கிரெய்ன் செம்பு நிலையா சுழலாம குறுக்கா போகலாம். இலக்குத் தாள்ல ஓட்டை வட்டமா இல்லாம நீள்வட்டமா இருந்தா அதுதான் அறிகுறி. 130-க்கு அந்தக் கவலையே இல்ல. சொந்தமா தோட்டா லோட் பண்றவங்க குண்டை பேரலோட உள்வரி தொடங்கற இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல வைக்காதீங்க, 0.050 அங்குல இடைவெளியில ஆரம்பிச்சு அங்கேர்ந்து தேடுங்க.

ஈயவாதி:
சரி, ஒண்ணு மட்டும். எதிர்ல சாய்வா, முன்தோளைக் காட்டி நிக்கிற மானுக்கு சாதா சாஃப்ட் பாயின்ட்டை நானும் சிபாரிசு பண்ண மாட்டேன். அந்தக் கோணத்துல ஒரு நுரையீரல் மட்டும் கிழிஞ்சு குண்டு குடல்ல நின்னுடும். திரும்பற வரைக்கும் பொறுங்க.

செந்தூரன்_செம்பு:
130 செம்புக்கு அந்தக் கோணமும் சரிதான்னு நான் சொல்லுவேன், 100 கெஜத்துக்குள்ள, துப்பாக்கியைத் தாங்கல்ல வெச்சிருந்தா. சுட்ட இடத்துல முதல்ல முடியையும் ரத்தத்தையும் பாருங்க. நுரை கலந்த இளஞ்சிவப்புன்னா அரை மணி போதும். பச்சையும் நாத்தமும்னா ஆறேழு மணி நேரம் கிட்டப் போகாதீங்க, கிளப்பிவிட்டா மைல் கணக்குல போயிடும்.

ஈயவாதி:
தாங்கல் இருந்தாலும் நான் அதை அடிக்க மாட்டேன்.