வெள்ளிக்கிழமை செத்தவீட்டுக்கு ஆர் வாறீங்கள்?

வசந்தி: பக்கத்துவீட்டுத் தாத்தா செவ்வாய் இரவு போயிட்டார். வெள்ளி 11 மணிக்கு ஸ்பிரிங்வேல் மயானத்தில. சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. பெட்டி தூக்க ஆறுபேர் வேணும், இப்ப கண்ணனும் அத்தானும்தான். ஆர் வாறீங்கள்?

கண்ணன்: லீவு போட்டாச்சு

சின்னமாமி: ஐயோ 🙏

சின்னமாமி: சனிக்கிழமை பிள்ளையின்ர சாமத்தியவீடு வசந்தி. முதல்நாள் செத்தவீட்டுக்குப் போட்டு வந்து ஆலாத்தி எடுக்கேலாது

வசந்தி: ஆலாத்தி எடுக்க ஆள் இருக்கு மாமி. பெட்டி தூக்கத்தான் இல்லை

பெரியம்மா: தாய்தேப்பன் சகோதரம் ஒண்டும் இல்லையோ

வசந்தி: தாய் இருந்தவ பெரியம்மா, அதுதான் கொடுமை. 7 வயசில இங்கிலாந்தில ஒரு பிள்ளையள் ஹோமில இருந்து கப்பலில ஏத்தி இஞ்ச ஆஸ்திரேலியாவில ஃப்ரிமான்டில் துறைமுகத்தில இறக்கினவை, தாய் செத்துப்போனா எண்டு சொல்லித்தான் ஏத்தினது, இவர் 50 வயசு தாண்டி ஃபைல் எடுத்துப் பாத்தா தாய் செத்து மூண்டு வருசம்தான். இப்பிடி பிரிட்டனிலயும் மால்டாவிலயும் இருந்து 7,000 பிள்ளையள் கிட்ட. இஞ்சத்தைப் பிள்ளையளையும் சேத்தா போன நூற்றாண்டில ஹோமுகளில வளந்தது 5 இலட்சம் கிட்ட, கனபேர் அநாதையே இல்லை, வறுமைப்பட்ட தாய்மாரின்ர, கலியாணம் கட்டாத தாய்மாரின்ர பிள்ளையள். அடி, பசி, பண்ணை வேலை

சுதன் கனடா: உங்கட பிரதமரா இருந்த கெவின் ரட் மன்னிப்புக் கேட்டாரே அதுவா

வசந்தி: நீ சொல்லுறது 2008 பெப்ரவரி, ஆதிக்குடிப் பிள்ளையளைப் பறிச்சதுக்கு. இந்த ஹோம் பிள்ளையளிட்டக் கேட்டது 2009 நவம்பர் 16, அதே ரட்தான். எங்கட டிவிக்கு முன்னால தாத்தா நிண்டுகொண்டே பாத்தவர், இருங்கோ எண்டா இருக்கேல்லை. சொறி எண்டு சொன்னவுடன "அம்மாவுக்கு ஆர் சொல்லுறது" எண்டு கேட்டிட்டுப் போயிட்டார்

சுதன் கனடா: இஞ்ச கனடாவில பிரதமரா இருந்த ஹார்ப்பரும் 2008 ஜூனில கேட்டவர், பூர்வகுடிப் பிள்ளையளின்ர போர்டிங் ஸ்கூலுகளுக்கு. 1,50,000 பிள்ளையள்

சின்னமாமா: சாமத்தியவீட்டு ஹோல்காரனுக்கு மிச்சக் காசு கட்டியாச்சோ?

சின்னமாமி: இதுக்குள்ள கேக்காதைங்கோ

கண்ணன்: தாத்தாக்கு நட்டஈடு கிடைச்சதோ

வசந்தி: 2018இல வந்த திட்டம் பாலியல் கொடுமைக்குத்தான் தம்பி. இவருக்குப் பெல்ட் அடியும் பட்டினியும், அது கணக்கில வரேல்லை. மன்னிப்பு மட்டும்தான். அந்த மன்னிப்புச் செய்தி வந்த பேப்பர் துண்டு இப்பவும் அவற்ற ஃப்ரிஜ்ஜில ஒட்டியிருக்கு

பெரியம்மா: புட்டுக் குடுத்தா ஒரு கையால தட்டைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு சாப்பிடுவார். நான் ஆசை பிடிச்ச மனுசன் எண்டெல்லோ நினைச்சன். கடவுளே

சின்னமாமா: அப்பான்ர எட்டுக்கு வராத ஆக்கள் இப்ப வெள்ளைக்காரனுக்குப் பெட்டி தூக்க ஆள் தேடுகினம்

வசந்தி: அண்டைக்கு நான் ஆஸ்பத்திரியில மாமா. எத்தினை தரம் சொல்லுறது. என்ர மூத்தவனை அண்டைக்கு வச்சுப் பாத்ததும் இந்தத் தாத்தாதான்

சின்னமாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: துடக்கு நான் பாக்கேல்லை, தலைமுழுகினாச் சரி. நான் வாறன். தேவாரம் படிக்கலாமோ அவருக்கு

வசந்தி: படியுங்கோ. சேர்ச் ஆக்கள் வேண்டாம் எண்டு தாத்தா எழுதி வச்சிருக்கிறார்

சின்னமாமி: மாமா கார் ஓடுவாராம். பெட்டிக்குக் கிட்ட வரமாட்டாராம்

கண்ணன்: அப்ப இன்னும் நாலுபேர் 😔

வசந்தி: ஃப்யூனரல்காரரிட்டக் கேட்டுப் பாக்கிறன், ரெண்டுபேர் தருவினமோ தெரியேல்லை

சின்னமாமி: மத்தியானம் ஆர் வீட்டில சாப்பாடு? மரக்கறிதானே