தாத்தாவின் இழைப்புளி அலகைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம். பழைய கைக்கருவிகளைச் சேர்க்கிறேன். அலமாரியில் அடுக்க அல்ல, வேலை செய்ய. இப்போது கையில் இருப்பது தாத்தாவின் மர இழைப்புளி. அவர் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஓரிடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற மனமில்லை.

சிக்கல் அலகில்தான். பின்பக்கம், வெட்டுமுனையை ஒட்டி, துரு தின்ற சிறு குழிகள். முன்சரிவை 25 டிகிரியில் தீட்டிவிட்டேன். ஆனாலும் குழி முனையைத் தொடும் இடத்தில் சீவல் கிழிகிறது, மரத்தில் கோடு விழுகிறது. சாணைச் சக்கரத்தில் பிடிக்கப் பயம். சூடேறி நீலம் பூத்தால் பதம் போய்விடும்.

பின்பக்கம் முழுவதையும் கல்லில் தேய்க்க வேண்டுமா, முனையை ஒட்டிய பகுதி மட்டும் போதுமா? எவ்வளவு சொரசொரப்பான கல்லில் தொடங்கலாம்? அப்புறம், புது அலகு வாங்கச் சொல்லாதீர்கள். இதே அலகில்தான் இழைக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.